கங்கையின் நீரை வானிலிருந்து அளப்பது எப்படி: மகாவலியின் கீழ்ப்பகுதிக்கான முழுமையான வழிகாட்டி

மாரி தொடங்கி, மலைநாட்டில் மழை கொட்டுகிறது என்ற செய்தி வந்துவிட்டால், மூதூரிலும் வெருகலிலும் சேருவிலவிலும் கிண்ணியாவிலும் பெரும்போகம் செய்பவர்கள் கேட்கும் முதற் கேள்வி, மகாவலி கங்கையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதே. 335 கிலோமீற்றர் ஓடி இலங்கையின் மிக நீண்ட ஆறாக விளங்கும் மகாவலி, கொட்டியார் குடாவில் கடலோடு கலப்பது திருகோணமலை மாவட்டத்திலேதான். ஆனால் நாம் வழக்கமாகப் பார்க்கும் நீர்மட்ட எண், நீர்ப்பாசனத் திணைக்களம் மேலே மனம்பிட்டியவில் வைத்திருக்கும் அளவுகோலினுடையது. அங்கிருந்து கீழே வரும் நீர், சோமாவதியைச் சூழ்ந்த வெள்ளச் சமவெளியிலுள்ள வில்லுகள் எனப்படும் ஆழமற்ற நீர்நிலைகளில் பரவித் தேங்கி, பின்னர் ஒரு கிளை வெருகல் ஆறாகப் பிரிந்து கிழக்கே போக, எஞ்சியதுதான் கங்கைப் பாலத்தின் கீழ் வருகிறது. ஆகவே மனம்பிட்டியவின் எண்ணை வைத்துக்கொண்டு நமது ஊர் ஆற்றின் பாய்வைச் சொல்ல முடியாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தின்போது இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை நாம் எல்லோரும் கண்டோம். ஆற்றின் கீழ்ப்பகுதியில் எவ்வளவு நீர் எந்தக் கிளையில் போகிறது என்பதை அறிய, இலவசமாகக் கிடைக்கும் செய்மதித் தரவுகளையும், ஒரு வள்ளத்தையும், சில நாள் உழைப்பையும் கொண்டு என்ன செய்யலாம் என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். புவியியல் படிக்கும் மாணவர்கள், விவசாய அமைப்புகளில் கணினி தெரிந்த இளைஞர்கள், அனர்த்த முகாமைத்துவப் பணியில் உள்ளவர்கள் ஆகியோரை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

செய்மதி எதைக் காண்கிறது, எதைக் காண்பதில்லை

பாய்வு என்பது ஒரு செக்கனில் ஓர் இடத்தைக் கடந்து செல்லும் நீரின் கனவளவு. அதனைக் கன மீற்றர் கணக்கில் சொல்வது வழக்கம். ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 35.3 கன அடி என்பதால், வாய்க்கால் வேலையில் பழகியவர்கள் அதைக் கியுசெக்காக மாற்றிக்கொள்ளலாம். கணக்கு எளியது: ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பை நீரின் சராசரி வேகத்தால் பெருக்கினால் பாய்வு வந்துவிடும். குறுக்குவெட்டுப் பரப்பு என்பது அகலமும் சராசரி ஆழமும் சேர்ந்தது.

இந்த மூன்றில் அகலத்தை மட்டுமே செய்மதி நேரடியாகக் காண்கிறது. ஆழத்தையும் வேகத்தையும் அது காண்பதில்லை. அவற்றுக்குப் பதிலாக நீர்ப்பரப்பின் உயரத்தையும், ஆற்றின் நெடுக்கில் அந்தப் பரப்பு எவ்வளவு சரிகிறது என்ற சாய்வையும் தருகிறது. உயரமும் சாய்வும் அகலமும் கையில் இருந்தால், ஆற்றின் அடித்தரையின் வடிவத்தை மட்டும் நாம் கண்டுபிடித்துச் சேர்த்தால், பாய்வைக் கணிக்கலாம். இதை முதலிலேயே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. படத்தைப் பதிவிறக்கி மென்பொருளில் போட்டவுடன் பாய்வளவு வந்துவிடும் என்று எண்ணித் தொடங்குபவர்கள், அடித்தரை என்ற இடத்தில் வந்து தடுமாறிக் கைவிட்டுவிடுகிறார்கள். இந்த வேலையில் பாதி தண்ணீருக்குள்தான் இருக்கிறது.

முதற்படி: ஆற்றின் எந்தத் துண்டை அளப்பது

கூகுள் ஏர்த்தில் மனம்பிட்டியவிலிருந்து கடல்வரை ஆற்றை ஒருமுறை மெதுவாகப் பின்தொடர்ந்து பாருங்கள். ஏறத்தாழ நேராக ஓடுவதும், நடுவே நிலையான தீவு இல்லாததும், கிளை பிரியாததும், நான்கு ஐந்து கிலோமீற்றர் நீளமுடையதுமான ஒரு துண்டு தேவை. வெருகல் ஆறு பிரியும் இடத்துக்கு மேலே ஒன்றையும், பிரிந்த பின் ஒவ்வொரு கிளையிலும் ஒன்றையும் தேர்ந்தெடுப்பது மிகச் சிறந்தது. அப்போது மேலே வந்த நீர், இரு கிளைகளின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, உங்கள் கணக்கை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். இடையில் வாய்க்கால்களுக்குத் திருப்பப்படும் நீரையும் அப்போது கழித்துக்கொள்ள வேண்டும்.

கடலுக்கு மிக அருகில் தேர்ந்தெடுக்க வேண்டாம். திருகோணமலையில் கடல் ஏற்றவற்றத்தின் வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவுதான் என்றாலும், தட்டையான நிலத்தில் அது தொலைதூரம் உள்ளே வரும். நீர்ப்பரப்பு கிலோமீற்றருக்கு 5 சென்ரிமீற்றர் மட்டுமே சரியும் ஓரிடத்தில், அரை மீற்றர் ஏற்றம் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தூரம்வரை சாய்வைக் குழப்பிவிடும். கங்கைப் பாலம் நமக்கு எல்லோருக்கும் வசதியான இடம். வேகத்தைக் கையால் அளந்து பழகவும் நல்ல இடம். ஆனால் சாய்வைக் கொண்டு பாய்வைக் கணிப்பதற்கு அது உகந்ததன்று. அதற்கு மேலே செல்ல வேண்டும்.

இரண்டாம் படி: அகலம்

ஐரோப்பிய விண்வெளி முகமை அனுப்பிய சென்டினல்-2 செய்மதிகள் 2015 முதல் 10 மீற்றர் பிக்சல் அளவில் படம் எடுத்துவருகின்றன. இரு செய்மதிகளும் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை, முற்பகல் 10.30 மணியளவில், நம் மேலாகக் கடக்கின்றன. இதற்கு முந்தைய காலத்துக்கு, 30 மீற்றர் பிக்சல் கொண்ட லேண்ட்சாட் படங்கள் 1980கள் முதல் உள்ளன. இரண்டும் கூகுள் ஏர்த் என்ஜினில் வணிகநோக்கற்ற பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. கணினியில் எதையும் இறக்காமலே அங்கே கணக்கிடலாம்.

நீரையும் நிலத்தையும் பிரிக்கும் முறை, நீரின் ஓர் இயல்பில் தங்கியிருக்கிறது. தெளிந்த நீர் பச்சை ஒளியைச் சிறிது தெறிக்கச் செய்யும். கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிரை ஏறத்தாழ முழுவதுமாக விழுங்கிவிடும். பச்சைப் பட்டையின் தெறிப்பிலிருந்து அண்மைச் செங்கீழ்ப் பட்டையின் தெறிப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண், நீரில் நேராகவும் நிலத்தில் மறையாகவும் இருக்கும். 1996இல் முன்வைக்கப்பட்ட இந்த நீர்ச்சுட்டியில் சென்டினல்-2இன் 3ஆம், 8ஆம் பட்டைகள் பயன்படுகின்றன.

ஆனால் நமது ஆறு மாரியில் தெளிந்து ஓடுவதில்லை. மலைநாட்டு மண்ணைச் சுமந்து செந்நிறமாக வரும் வெள்ளநீர் செங்கீழ்க் கதிரையும் ஓரளவு தெறிக்கச் செய்வதால், அந்தச் சுட்டி ஆற்றின் நடுவிலேயே பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். அதனால் 8ஆம் பட்டைக்குப் பதிலாகக் குற்றலைச் செங்கீழ்ப் பட்டையான 11ஐப் பயன்படுத்தும் திருத்திய சுட்டியே இங்கு பொருத்தமானது. கலங்கிய நீரும் அந்த அலைநீளத்தை விழுங்கிவிடுகிறது. 11ஆம் பட்டையின் பிக்சல் 20 மீற்றர் என்பது இதற்கு நாம் கொடுக்கும் விலை. கோடையில் முதற் சுட்டி, மாரியில் இரண்டாம் சுட்டி என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

எல்லைப் பெறுமானத்தைக் கண்ணால் தீர்மானிக்காமல், ஒவ்வொரு படத்தின் பரம்பல் வரைபிலிருந்தும், நீரையும் நிலத்தையும் பிரிக்கும் எல்லையைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஒற்சு முறையால் எடுங்கள். ஆற்றுக்கு இருபுறமும் ஏறத்தாழ ஆற்றின் அகலமளவு நிலம் மட்டும் உள்ளடங்குமாறு ஒரு பட்டையை வரைந்து, அதற்குள் மட்டுமே கணக்கிட வேண்டும். இதை நான் அனுபவத்தால் சொல்கிறேன். முதன்முதலில் செய்தபோது பட்டையை மிக அகலமாக வரைந்துவிட்டேன். ஒக்டோபர் கடைசியில் விதைப்புக்காக நீர் கட்டிய வயல்கள் எல்லாம் ஆற்றோடு சேர்ந்து, ஆறு ஒரே வாரத்தில் மூன்று மடங்கு அகன்றுவிட்டதாகக் கணினி காட்டியது. வயல்களை மறைக்கும் ஒரு மூடுபடத்தைக் கோடைகாலப் படத்திலிருந்து தயாரித்து எல்லா மாதத்துக்கும் பயன்படுத்துவது இந்தத் தவறைத் தடுக்கும்.

அகலத்தை ஓர் இடத்தில் கோடு போட்டு அளக்காதீர்கள். 10 மீற்றர் பிக்சலில் ஒரு கரையில் ஒரு பிக்சல் தவறினாலே பிழை பெரிதாகிவிடும். துண்டு முழுவதிலும் உள்ள நீர்ப் பிக்சல்களை எண்ணி, மொத்தப் பரப்பை ஆற்றின் மையக்கோட்டு நீளத்தால் வகுங்கள். உதாரணமாக 5 கிலோமீற்றர் துண்டில் 6,100 நீர்ப் பிக்சல்கள் இருந்தால், ஒவ்வொன்றும் 100 சதுர மீற்றர் என்பதால் பரப்பு 610,000 சதுர மீற்றர். 5,000ஆல் வகுத்தால் சராசரி அகலம் 122 மீற்றர். கரையோர மருத மரங்கள் கவிந்திருக்கும் இடங்களில் நீர் மரநிழலுக்குள் ஒளிந்துகொள்ளும். ஆற்றுவாழை மூடிய ஓரங்களையும் செய்மதி நிலமென்றே எண்ணும். இந்தக் குறை எல்லாப் படங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால், பின்னர் செய்யும் அளவுத்திருத்தத்தில் அது சமப்பட்டுவிடும்.

முகில் மூடிய நாட்களில்

பாய்வு மிக முக்கியமாகும் நாட்களில்தான் வானம் மூடியிருக்கும். ஒக்டோபர் முதல் ஜனவரிவரை சென்டினல்-2 படங்களில் பெரும்பகுதி வெறும் வெள்ளையாகவே வரும். அந்த நாட்களுக்கு 2014 முதல் இயங்கும் சென்டினல்-1 ராடாரே துணை. ராடார் தன் அலையைத் தானே பக்கவாட்டாக அனுப்புவதால் முகிலும் இரவும் அதற்குத் தடையில்லை. அமைதியான நீர் கண்ணாடிபோல் அலையை மறுபக்கம் தெறிக்க விட்டுவிடுவதால் படத்தில் ஆறு கருப்பாகவும், நிலம் வெளிறியும் தெரியும்.

ராடாரிலும் இரு கண்ணிகள் உள்ளன. மே முதல் ஓகஸ்ட்வரை கச்சான் காற்று அடிக்கும்போது நீர்ப்பரப்பில் சிற்றலைகள் எழுந்து ஆற்றை வெளிறச் செய்யும். செங்குத்தாக அனுப்பிக் கிடையாகப் பெறும் குறுக்கு முனைவாக்கப் படத்தில் இந்தப் பாதிப்புக் குறைவு என்பதால் அதையே எடுங்கள். மற்றது, வெள்ளத்தில் நிற்கும் மரங்களும் நாணலும். நீரில் பட்டுத் தெறித்த அலை மரத்தண்டில் மீண்டும் பட்டுத் திரும்புவதால், அந்த இடம் உலர்ந்த காட்டைவிட வெளிச்சமாகத் தெரியும். வில்லுகளின் ஓரங்களில் வெள்ளப் பரப்பைக் குறைத்து மதிப்பிடச் செய்வது இதுவே. வெள்ளத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, வழக்கத்தைவிடக் கருத்த இடங்களையும் வழக்கத்தைவிட வெளிறிய தாவர இடங்களையும் சேர்த்து எடுத்தால் உண்மைக்கு நெருங்கலாம்.

மூன்றாம் படி: உயரமும் சாய்வும்

இந்த வேலையை உண்மையில் சாத்தியமாக்கியது, 2022 டிசம்பர் 16ஆம் திகதி ஏவப்பட்ட ஸ்வொட் செய்மதி. நாசாவும் பிரான்சின் விண்வெளி முகமையும் கனடா, பிரித்தானியா ஆகியவற்றின் பங்களிப்போடு உருவாக்கிய இச்செய்மதி, ஏறத்தாழ 890 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. முன்னைய உயரமானிகள் தமக்கு நேர் கீழே உள்ள ஒரு கோட்டில் மட்டுமே உயரத்தை அளந்தன. அந்தக் கோடு நமது ஆற்றை வெட்டினால் உண்டு, வெட்டாவிட்டால் இல்லை. ஸ்வொட், 10 மீற்றர் நீளத் தண்டின் இரு முனைகளிலும் உள்ள இரு அலைவாங்கிகளால் ஒரே எதிரொலியைப் பெற்று, அவற்றின் கட்ட வேறுபாட்டிலிருந்து உயரத்தைக் கணிக்கிறது. அதனால் இருபுறமும் 50 கிலோமீற்றர் அகலப் பட்டைகளில் உள்ள ஆறு முழுவதன் நீர்ப்பரப்பும் ஒரே கடப்பில் கிடைக்கிறது. 21 நாள் சுற்றில் பெரும்பாலான இடங்களை அது ஒருமுறைக்கு மேல் காண்கிறது. 100 மீற்றருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளே அதன் அடிப்படை இலக்கு. 50 மீற்றர்வரை இறங்குவது விருப்ப இலக்கு.

தரவைப் பெற நாசாவின் ஏர்த்டேட்டா கணக்கு ஒன்றை இலவசமாகத் திறந்து, ஆறுகளுக்கான தரவுத்தொகுதியை எடுங்கள். அதில் ஆறு ஏறத்தாழ 10 கிலோமீற்றர் துண்டுகளாகவும், ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 200 மீற்றர் இடைவெளிக் கணுக்களாகவும் பிரிக்கப்பட்டிருக்கும். துண்டின் எல்லை வெருகல் பிரிவுக்கு இருபுறமும் விழுந்திருந்தால் அந்தத் துண்டின் சாய்வை எடுக்காதீர்கள். கணுக்களின் உயரங்களை எடுத்து, உங்கள் துண்டுக்குள் விழுபவற்றுக்கு மட்டும் நீங்களே நேர்கோடு பொருத்துங்கள். ஒவ்வொரு பதிவோடும் தரக்குறி ஒன்று உண்டு: 0 நல்லது, 1 ஐயத்துக்குரியது, 2 தரங்குறைந்தது, 3 கெட்டது. 2ஐயும் 3ஐயும் நீக்குங்கள். கருநீர் விகிதம் என்ற நிரலையும் பாருங்கள். சென்டினல்-1இல் கருமைதான் நீரின் அடையாளம். ஆனால் ஏறத்தாழ நேர் கீழே நோக்கும் ஸ்வொட்டுக்கு நீர் வெளிச்சமாகத் தெரிய வேண்டும்; காற்றே இல்லாத விடியற்காலையில் கண்ணாடிபோல் அசையாமல் கிடக்கும் நீர் அதற்குத் தெரியாமற் போகும். அப்படிப்பட்ட பகுதியின் உயரத்தை நம்ப வேண்டாம். நேரம் உலக நேரத்தில் இருக்கும். 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உயரம், புவியுரு எனப்படும் உலகப் பொதுக் கடல்மட்ட மாதிரியிலிருந்து அளக்கப்பட்டிருப்பதால், நமது நில அளவையாளர்கள் பயன்படுத்தும் சராசரிக் கடல்மட்டத்தோடு நேரடியாகப் பொருந்தாது. முழு எண்ணை விட்டுவிட்டு ஏற்றத்தாழ்வை மட்டும் பயன்படுத்துங்கள். ஸ்வொட்டின் சாய்வுத் துல்லிய இலக்கு, 10 கிலோமீற்றர் நீளத்தில் கிலோமீற்றருக்கு 1.7 சென்ரிமீற்றர். சாய்வு கிலோமீற்றருக்கு 20 சென்ரிமீற்றராக இருக்கும் இடத்தில் அது 8.5 சதவீதப் பிழை. பாய்வு சாய்வின் வர்க்கமூலத்தைச் சார்ந்திருப்பதால் விளைவில் வருவது ஏறத்தாழ 4 சதவீதமே. சாய்வு 5 சென்ரிமீற்றராகக் குறைந்தால் அதே பிழை 34 சதவீதமாகி, பாய்வில் 17 சதவீதமாக வந்து நிற்கும். கடலோரத்தை விட்டு மேலே போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காம் படி: அடித்தரை

ஒரே நாளில், அல்லது ஓரிரு நாள் இடைவெளியில், எடுத்த உயரத்தையும் அகலத்தையும் இணைகளாகச் சேர்த்து, அகலத்தைக் கிடையச்சிலும் உயரத்தை நிலையச்சிலும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஓராண்டில், கோடையின் மணல்திட்டுக் காலம் முதல் மாரிவெள்ளம் வரை, இருபது முப்பது புள்ளிகள் சேர்ந்துவிடும். அந்தப் புள்ளிகளை இணைத்தால் வருவது ஆற்றுக் கரையின் சரிவு. அதாவது, மிகக் குறைந்த நீர்மட்டத்துக்கு மேலுள்ள குறுக்குவெட்டு முழுவதையும் செய்மதியே வரைந்து தந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது அந்த மிகக் குறைந்த மட்டத்துக்குக் கீழே என்றும் நீரில் மூழ்கியிருக்கும் பகுதி மட்டுமே.

அதற்கு ஓகஸ்ட், செப்டெம்பரில், ஆறு மெலிந்திருக்கும்போது, ஊர் மீனவர் ஒருவரின் வள்ளத்தில் இறங்க வேண்டும். கரைக்குக் கரை ஒரு நைலோன் கயிற்றை இழுத்துக் கட்டி, 5 மீற்றருக்கு ஒரு சிவப்புத் துணித்துண்டை முடிந்துகொள்ளுங்கள். இன்னொரு கயிற்றின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டி, 10 சென்ரிமீற்றருக்கு ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். வள்ளத்தை ஒவ்வொரு துணித்துண்டின் கீழும் நிறுத்தி, குண்டை இறக்கி, அது மணலைத் தொடும் கணத்தில் கயிறு தளர்வதைக் கையில் உணர்ந்து, மெல்ல இழுத்து நேராக்கிய பிறகே குறியைப் படிக்க வேண்டும். நீரோட்டம் கயிற்றைச் சாய்த்திருந்தால் ஆழம் கூடுதலாக வரும். மீன் தேடும் சிறிய ஒலிமானி கிடைத்தால் வேலை விரைவாகும். நம் ஆற்றில் முதலைகள் உண்டு. கைகாலை நீரில் தொங்கவிடாதீர்கள், தனியே போகாதீர்கள், உயிர்காப்பு அங்கியின்றி இறங்காதீர்கள்.

இரு அடுத்தடுத்த ஆழங்களைக் கூட்டி இரண்டால் வகுத்து 5 மீற்றரால் பெருக்கினால், அந்தக் கீற்றின் பரப்பு. எல்லாக் கீற்றுகளையும் கூட்டினால் மூழ்கிய பகுதியின் மொத்தப் பரப்பு. துண்டின் நெடுக்கில் குறைந்தது மூன்று இடங்களில் இதைச் செய்து சராசரி எடுங்கள். இதில் சோம்பல் கூடாது என்பதற்கு ஓர் எண் போதும்: சராசரி ஆழத்தை 2.5 மீற்றருக்குப் பதிலாக 2 மீற்றர் என்று எடுத்தால், ஆழத்தில் 20 சதவீதமாக இருந்த தவறு பாய்வில் ஏறத்தாழ 31 சதவீதமாகிவிடும்.

ஐந்தாம் படி: கணக்கு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்துப் பொறியியலாளர் றொபர்ட் மானிங் முன்வைத்த சமன்பாட்டையே பயன்படுத்துகிறோம். குறுக்குவெட்டுப் பரப்பை, நீர் தொடும் அடியும் கரையும் சேர்ந்த ஈரச்சுற்றளவால் வகுத்தால் நீரியல் ஆரை கிடைக்கும். அந்த ஆரையின் மூன்றில் இரண்டாம் அடுக்கை, சாய்வின் வர்க்கமூலத்தால் பெருக்கி, கரடுமுரடுக் குணகத்தால் வகுத்தால் நீரின் சராசரி வேகம் வரும்.

ஒரு பயிற்சிக் கணக்கு: அகலம் 120 மீற்றர், சராசரி ஆழம் 2.5 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 300 சதுர மீற்றர். ஈரச்சுற்றளவு 125 மீற்றர் என்றால் நீரியல் ஆரை 2.4; அதன் மூன்றில் இரண்டாம் அடுக்கு 1.79. சாய்வு கிலோமீற்றருக்கு 20 சென்ரிமீற்றர், அதாவது 0.0002; அதன் வர்க்கமூலம் 0.01414. மணற்படுகைக்குக் குணகம் 0.035 என்று எடுத்தால் வேகம் செக்கனுக்கு 0.72 மீற்றர். பாய்வு செக்கனுக்கு ஏறத்தாழ 217 கன மீற்றர், சுமார் 7,670 கியுசெக். குணகத்தை மட்டும் 0.030 ஆக்கினால் பாய்வு 253 ஆகும், 0.040 ஆக்கினால் 190 ஆகும். நூல்களில் உள்ள அட்டவணையிலிருந்து ஒரு குணகத்தை எடுத்துப் போட்டுவிட்டு விளைவை நம்புவது எவ்வளவு பிழையானது என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன.

குணகத்தை ஆற்றிடமே கேட்க வேண்டும். ஸ்வொட் கடக்கும் நாளில் நீங்களும் கரையில் இருங்கள். நேரான கரையில் 30 மீற்றர் இடைவெளியில் இரு கம்புகளை நட்டு, மேலே இருந்து ஆற்றின் நடுவிலும் இருபுறமுமாக ஒரு தோடம்பழத்தை விட்டு, அது கம்புகளைக் கடக்கும் நேரத்தை எடுங்கள். தோடம்பழம் பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. தேங்காய் மட்டையையும் வெற்றுப் போத்தலையும் காற்று இழுத்துப்போய்விடும். 40 செக்கன் எடுத்தால் மேற்பரப்பு வேகம் 0.75 மீற்றர், அடியில் நீர் மெதுவாக ஓடுவதால் 0.85ஆல் பெருக்கி 0.64 என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். இந்த வேகத்தையும் செய்மதியின் சாய்வையும் அதே சமன்பாட்டில் வைத்துக் குணகத்தைத் திருப்பிக் கணியுங்கள். கோடையில் ஒருமுறை, மாரியின் தொடக்கத்தில் ஒருமுறை, நீர் நன்றாக ஏறியபின் பாலத்திலிருந்தோ உயர்ந்த கரையிலிருந்தோ ஒருமுறை என்று மூன்று அளவுகளாவது வேண்டும். நீர் ஏறிய நாளில் வள்ளத்தில் இறங்க வேண்டாம்.

ஆறாம் படி: தொடர்பு வளைகோடு

ஸ்வொட் மாதத்துக்குச் சில முறையே வரும். இடைப்பட்ட நாட்களுக்கு, கணித்த பாய்வுகளை அகலத்தோடு தொடர்புபடுத்தி ஒரு வளைகோட்டை அமையுங்கள். 1953இல் லியோபோல்டும் மடொக்கும் காட்டியபடி, ஓர் இடத்தில் அகலம் பாய்வின் ஓர் அடுக்காக மாறும். இரண்டுக்கும் மடக்கை எடுத்து வரைந்தால் நேர்கோடு வரும். கரை செங்குத்தான இடத்தில் இந்தக் கோடு பயனற்றது, ஏனெனில் நீர் ஏறினாலும் அகலம் மாறாது. மணல்திட்டு மெல்லச் சரியும் துண்டே இதற்கு வேண்டும். கோடு கிடைத்ததும், பழைய சென்டினல், லேண்ட்சாட் படங்களின் அகலங்களை அதில் இட்டுப் பத்து முப்பது ஆண்டுகளின் பாய்வைப் பின்னோக்கிக் கணிக்கலாம். ஆனால் பொல்கொல்லைத் திருப்பம் 1976இல் வந்தது. கொத்மலையும் விக்டோரியாவும் 1985இல் வந்தன. அணைகளின் வான்கதவுகளும் மின்னிலையங்களும் பாய்வைத் தீர்மானிக்கத் தொடங்கிய பின்னர், மழையை மட்டும் வைத்து இந்த எண்களை விளக்க முயலக்கூடாது.

சோதனைக்கு மனம்பிட்டியவின் நீர்மட்டமே நம்மிடம் உள்ள சிறந்த அளவுகோல். உங்கள் பாய்வு வரிசையை ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று நகர்த்தி, எந்தத் தாமதத்தில் இரண்டும் மிக நன்றாக ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். தாமதம் சிறு பாய்விலும் பெருவெள்ளத்திலும் ஒன்றாக இராது. ஆறு கரைமீறி வில்லுகளை நிரப்பத் தொடங்கியதும் வெள்ளம் கீழே வந்துசேர நாள் கூடும், உச்சமும் மழுங்கும்.

வெள்ள நாட்களுக்கான கணக்கு

நீர் கரையைத் தாண்டியதும் ஒரே குறுக்குவெட்டாகக் கணக்கிட்டால் விடை பிழைக்கும். ஆற்றின் ஓடுபாதையையும் இருபுறச் சமவெளியையும் மூன்று தனிப் பகுதிகளாகப் பிரியுங்கள். ஓடுபாதைக்கு நீங்கள் கண்டுபிடித்த குணகமே போதும். பற்றையும் மரமும் நிறைந்த சமவெளிக்கு அது 0.08 முதல் 0.1 வரை உயரும். ஒவ்வொன்றின் பாய்வையும் தனித்தனியே கணித்துக் கூட்டுங்கள். ஒரே நீர்மட்டமாக இருந்தாலும், வெள்ளம் ஏறும்போது சாய்வு கூடுதலாகவும் இறங்கும்போது குறைவாகவும் இருப்பதால், ஏறும் நாளின் பாய்வே பெரிது. நீர்மட்டத்தை மட்டும் படிக்கும் அளவுகோல் இந்த வேறுபாட்டைக் காட்டாது. சாய்வையும் சேர்த்துத் தரும் ஸ்வொட் காட்டும்.

வெள்ளம் வடிந்தபின் பழைய குறுக்குவெட்டை நம்பித் தொடராதீர்கள். பெருவெள்ளம் படுகையை அரித்து வேறிடத்தில் கொட்டிவிடும். மணல் அகழ்வு நடக்கும் இடங்களில் வெள்ளமே இல்லாமலும் அடித்தரை இறங்கும். இது நடந்திருப்பதை உயர–அகல வரைபே முதலில் சொல்லும்: புதிய புள்ளிகள் பழைய வளைகோட்டின்மேல் விழாமல் ஒருபக்கமாக விலகத் தொடங்கும். அத்தகைய விலகலை மூன்று கடப்புகளில் தொடர்ந்து கண்டால், அடுத்த கோடையில் அதே கரைமரங்களில் கயிற்றைக் கட்டி, அதே துணித்துண்டுகளின் கீழ் ஈயக்குண்டை மீண்டும் இறக்குங்கள். அந்த மரங்களின் அமைவிடத்தைச் செய்மதி இடங்காட்டியால் குறித்து, தண்டில் வண்ணம் பூசி, பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள். பயன்படுத்திய குணகமும் அளந்த திகதியும் நேரமும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.